மூலத்தில் உள்ளபடி

பிரிஜெட் போடும் காபியில் சிக்கரி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான் அதை அவளிடம் சொன்னதில்லை. சனிக்கிழமை மதியம் காக்ஸ் டவுனில் அவர்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அந்த வாசனை வந்துவிடும். வாரத்தின் மற்ற நாட்களில் எனக்காக யாரும் காபி போட்டுக் காத்திருப்பதில்லை, கிருஷ்ணப்பா சார். அதனால் சிக்கரியைக் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை.

நான் ஸ்டேஷனுக்குள் வந்தவுடனே, உங்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று சொன்னீர்கள். என்னால் கன்னடத்திலும் சொல்ல முடியும். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் மல்லேஸ்வரத்துக்காரர்கள். அவர் மைசூர் அரசாங்கத்தில் ரெவின்யூ பக்கம் உத்தியோகம் பார்த்தவர். ஆனால் இது முழுக்கத் தமிழில் நடந்த விஷயம். தமிழில் சொன்னால்தான் சரியாக வரும். நான் வேகமாகப் பேச மாட்டேன், நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

என் வேலை ஜெர்மனிலிருந்து மொழிபெயர்ப்பது. பொம்மசந்திராவில் நான் இருக்கும் தொழிற்சாலை ஜெர்மனியிலிருந்து பழைய மிஷின்களை வாங்கி ஓட்டுகிறது. அவற்றோடு வரும் கையேடுகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். மிஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் தமிழ் ஆட்கள் அதிகம் என்பதால், முக்கியமான எச்சரிக்கைகளைத் தமிழிலும் ஒரு தாளில் எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டுவோம். நீங்கள் பிரஸ் மிஷின் தாளைப் பற்றித்தான் கேட்பீர்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் கதைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் அந்தத் தாள் உங்களுக்குப் புரியாது.

அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடையில் ஒரு ஜெர்மன் நாடோடிக் கதைத் தொகுப்பு கிடைத்தது. யாரோ பாதிரியார் வீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். அட்டை இல்லை. பழைய கூரான அச்செழுத்து. இன்றைய ஜெர்மன்காரர்களே அதைத் தடவித் தடவித்தான் படிப்பார்கள். உலகத்துக்கெல்லாம் தெரிந்த இளவரசி கதைகள் அல்ல அவை. காட்டோரத்துக் கிராமங்களில் கரி சுடுகிறவர்களும் உப்பு வண்டி ஓட்டுகிறவர்களும் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகள். நான் பொழுதுபோக்காக ஒன்றிரண்டைத் தமிழில் எழுதி வைத்தேன்.

பெர்னார்ட் என்னோடு கல்லூரியில் படித்தவர், இப்போது பள்ளி ஆசிரியர். பிரிஜெட் அவர் தங்கை. அவருடைய மாமா ஒருவர் லண்டனிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பியிருந்தார். போர்டும் இல்லை, காய்களும் இல்லை. மேஜையைச் சுற்றி மூன்று நாலு பேர் உட்கார்ந்தால் போதும். ஒருவர் இடத்தையும் நிலைமையையும் விவரிப்பார், அது பெர்னார்ட். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, நான் இதைச் செய்கிறேன், அங்கே போகிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை டைஸ் சொல்லும். நாங்கள் முதலில் ஆங்கிலத்தில்தான் ஆடினோம். "ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருக்கு மேன். தமிழ்லயே பேசுவோம்," என்றார் பெர்னார்ட். அப்போது நான் எழுதி வைத்த கதைகளில் ஒன்றைக் கொடுத்தேன். அன்றிலிருந்து வாரம் ஒரு கதை மொழிபெயர்த்துக் கொண்டுபோவது என் பொறுப்பாயிற்று.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. அம்மா காலமான பிறகு வீட்டில் நான் மட்டும்தான். ஒரு கதைக்கு வாரம் முழுக்க ஆகும். ரொட்டியில் போடும் ஒரு விதைக்குச் சீரகம் என்று எழுதுவதா, சோம்பு என்று எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறேன். சனிக்கிழமை நான் தாளைப் பிரித்துப் படிக்கும்போது பிரிஜெட் கையிலிருக்கும் தையலைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்காருவாள். "கேசவ் சார், மெதுவா படிங்க," என்பாள். என் வாழ்க்கையில் என்னை யாரும் மெதுவாகப் படிக்கச் சொன்னதில்லை.

உத்தமனை அங்கே அழைத்துப் போனது நான்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தொழிற்சாலையில் அவன் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தான். ஈஜிபுராவில் கம்பெனி பஸ் ஏறுவான். ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணா இது, எழுத்தெல்லாம் முள்ளு முள்ளா கீது?" என்றான். அதற்குப் பிறகு எனக்கு ஜன்னலோரத்தை விட்டுவிட்டுத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜெர்மன் கற்றுக்கொடுக்கச் சொன்னான். நானும் சொல்லிக்கொடுத்தேன். தமிழில் 'இல்லை' என்பது வினையின் வாலிலேயே ஒட்டியிருக்கும், வரும், வராது என்று. ஜெர்மனில் அதற்கு 'நிஹ்ட்' என்று தனிச்சொல், பல சமயம் வாக்கியத்தின் கடைசியில் போய் உட்காரும் என்று சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "அப்போ அவன் பேசி முடிக்கிற வரிக்கும் ஆமான்றானா இல்லன்றானான்னு தெரியாதா? வூட்ல பொண்டாட்டி பாவம் அண்ணா."

அவன் வீட்டுக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். ஒற்றை அறை. சுவரில் புத்தர் படம் மாட்டியிருந்தார்கள். அவன் அம்மா அம்புஜம் எனக்காகத் தனியாக ஒரு நாற்காலி இரவல் வாங்கி வந்து போட்டார். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, சார். அன்று அவர்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்தேன்.

மேஜைக்கு வந்த முதல் வாரங்களில் உத்தமன் சும்மா கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு பாசிப்பெண் கதை வந்தது.

அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டில் பாசி போர்த்திய சிறிய பெண்கள் வாழ்கிறார்கள். புயல் நாட்களில் பேய்க் குதிரைவீரர்கள் அவர்களை வேட்டையாடுவார்கள். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையில் மூன்று கோடரி வெட்டு இருந்தால், அதன் மேல் ஏறி உட்கார்ந்த பாசிப்பெண்ணை யாரும் தொட முடியாது. அதனால் மரம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் மூன்று வெட்டு வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஒரு கரி சுடுகிறவன், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்ற அவசரத்தில் இரண்டே வெட்டோடு போய்விடுகிறான். அன்று புயல் வருகிறது. அவனுக்குத் தெரிந்த பாசிப்பெண், அவன் ரொட்டி கொடுத்து வந்தவள், ஓடிவந்து அந்தக் கட்டையில்தான் உட்காருகிறாள். காலையில் அவன் போய்ப் பார்க்கும்போது கட்டையின் மேல் ஒரு பிடி பாசி மட்டும் கிடக்கிறது. அவன் நீண்ட காலம் வாழ்ந்தான், யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. மூலத்தில் கதை அங்கே முடிகிறது. எவ்வளவு அழகான முடிவு என்று பாருங்கள். அந்தக் கடைசி வரிக்கு நான் எடுத்துக்கொண்ட சிரமம் கொஞ்சமல்ல.

அன்று விளையாட்டில் உத்தமன்தான் கரி சுடுகிறவன். பெர்னார்ட் அவனை வீடுவரை கொண்டுவந்துவிட்டார். புயல் தொடங்கிவிட்டது என்றார்.

"இருங்க இருங்க," என்றான் உத்தமன். "கொழந்தைக்குக் கஷாயம் குட்த்துட்டேன். தூங்கிடுச்சு. இப்போ எனக்கு ஞாபகம் வர்து. ரெண்டு வெட்டுதானே வெட்னேன்? நான் திரும்பப் போறேன்."

"கதையில் அவன் திரும்பிப் போகவில்லை," என்றேன்.

"கதைல போவல அண்ணா. நான் போறேன்."

பெர்னார்ட் என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். "போகலாம் மேன். ஆனா செம காத்து. டைஸ் போடு."

நல்ல எண் விழுந்தது. அவன் எழுந்து நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தான். இருட்டில் கட்டையைக் கையால் தடவித் தேடுவது, விரலுக்கு இரண்டு வெட்டு தட்டுப்படுவது, பின்னால் நாய்கள் நெருங்குவது, பாசிப்பெண் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்வது, கோடரியை ஓங்குவது. பிரிஜெட் அழுதாள். பெர்னார்ட் கை தட்டினார். உத்தமன் வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "செம்ம கதை அண்ணா நீங்க குட்த்தது," என்றான்.

நான் கொடுத்த கதை அதுவல்ல. அதை அவனிடம் பஸ்ஸில் பொறுமையாக விளக்கினேன். எத்தனையோ தலைமுறை சொல்லிச் சொல்லி வந்த முடிவை மாற்ற நமக்கு உரிமை இல்லை, உள்ளதை உள்ளபடி கொடுப்பதுதான் மரியாதை என்றேன். அவன் கவனமாகக் கேட்டான். "கரெக்டுதான் அண்ணா. ஆனா பாவம் இல்லியா அவ?" என்றான்.

அதற்குப் பிறகு எந்தக் கதையும் அதன் முடிவுக்குப் போகவில்லை. மூழ்க வேண்டியவன் கரையேறினான். கல்லாக வேண்டியவள் பேசினாள். பிரிஜெட் இப்போது நான் படிக்கும்போது தையலைக் கீழே வைப்பதில்லை. உத்தமன் வாயைத் திறக்கும்போதுதான் வைத்தாள். ஒரு சனிக்கிழமை நான் கிளம்பும்போது பெர்னார்ட் கேட்வரை வந்தார். "கேசவ், கொஞ்ச நாளைக்குப் புக் கதை வேணாம் மேன். உத்தமன் சொந்தமா ஒண்ணு சொல்றேங்கறான். நீங்க ரெஸ்ட் எடுங்க. வந்து ஜாலியா விளையாடுங்க, என்ன?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். நானும் சரி என்றேன். வீட்டுக்கு வந்து, அடுத்த வாரத்துக்காகப் பாதி முடித்திருந்த கதையை மீதியும் முடித்தேன். வேலையைப் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இரும்பை அழுத்தி வளைக்கும் அந்தப் பிரஸ் மிஷின் வந்தது.

எங்களிடம் ஏற்கெனவே இருந்த பிரஸ்களில் மெயின் சுவிட்சை அணைத்தால் எண்ணெய் அழுத்தம் தானாக இறங்கிவிடும். பிறகு சிக்கிய பாகத்தைக் கையை விட்டு எடுக்கலாம். புதிதாக வந்ததில் அப்படி இல்லை. சுவிட்சை அணைத்தாலும் ஒரு உருளையில் அழுத்தம் நிற்கும். பின்பக்கமுள்ள வால்வைத் திறந்து வடித்தால்தான் கை வைக்கலாம். கையேட்டில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். மிஷினிலேயே ஒரு சிறிய தகட்டில் அதே வாக்கியம் ஜெர்மனில் அடித்திருந்தது. அதை ஆங்கிலத்தில் மிகச் சரியாக எழுதினேன். அந்தப் பிரதி மேனேஜர் அலமாரியில் இருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தாளில் 'சுவிட்சை அணைத்தால் அழுத்தம் தானாக இறங்கும்' என்று எழுதினேன்.

இறங்காது என்று எழுத வேண்டிய இடம் அது. இதை நான் மறைக்கவில்லை. தாளை எங்கே ஒட்டுவது என்று கேட்டார்கள். நானே கீழே இறங்கிப் போய் ஒட்டினேன். அந்தத் தகட்டின் மேல் ஒட்டினேன். உத்தமனுக்கு அந்த அளவு ஜெர்மன் தெரியும், நான்தானே சொல்லிக்கொடுத்தேன். 'நிஹ்ட்' என்ற சொல்லை அவன் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவான்.

வேறு யாருக்காவது ஆபத்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நான் யோசிக்காமல் செய்யவில்லை. ஆபரேட்டர்கள் மிஷினுக்குள் கை வைக்கக் கூடாது என்பது விதி. ஏதாவது சிக்கினால் மெயின்டனன்ஸை அழைப்பார்கள். அந்தப் பிரிவில் பிரஸ்களைப் பார்ப்பது உத்தமன். மற்றவர்களைப் பற்றி எனக்கு அக்கறை உண்டு, சார்.

ஒட்டியதும் ஒன்றும் நடந்துவிடவில்லை. மிஷின் நன்றாகவே ஓடியது. நானும் உத்தமனும் வழக்கம்போல் பஸ்ஸில் வந்தோம், கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். ஒரு நாள் அவன், "புது பிரஸ்ஸைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சிக்கணுமா அண்ணா?" என்று கேட்டான். எல்லாம் தாளில் இருக்கிறது என்றேன். "நீங்க எழ்தினா போதும், அப்பீலே இல்ல," என்று சொல்லிவிட்டு என் தட்டில் அவன் அம்மா செய்த கருவாட்டுத் தொக்கைத் தவிர மற்றதையெல்லாம் வைத்தான். நான் சைவம் என்பதை அவன் மறந்ததே இல்லை.

போகிற வழியில் அந்தத் தாளைக் கிழித்துவிட எனக்குத் தினமும் வாய்ப்பு இருந்தது. அதுவும் உண்மை. ஆனால் நான் என்ன நினைத்தேன் என்றால், எதுவும் நடக்காமலும் போகலாம். நடந்தாலும் ஒரு விரலில் அடிபடும், சில சனிக்கிழமைகள் அவன் வர மாட்டான், மேஜை பழையபடி ஆகும். ஒரு மனிதனுக்கு ஓய்வு கொடுப்பது அவ்வளவு பெரிய தவறா. எனக்கும்தான் கொடுத்தார்கள்.

அன்று காலை நான் மாடியில் இருந்தேன். கீழே மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தொழிற்சாலையில் சத்தத்தைவிட அதுதான் பயம் தரும். இறங்கி ஓடினேன். அவனை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே கையாக இல்லை. அவனுக்கு நினைவு இருந்தது. என்னைப் பார்த்து, "ஆஃப் பண்ணேனே அண்ணா. ஆஃப் பண்ட்டுதானே கைய வெச்சேன்," என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான், ஏதோ நான் திட்டிவிடுவேன் என்பதுபோல. என் பெல்ட்டைக் கழற்றி அவன் தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். வேனில் ஆஸ்பத்திரிவரை அவன் தலை என் மடியில் இருந்தது. கட்டாமல் விட்டிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கையை எடுத்துவிட்டார்கள்.

கம்பெனி விசாரணை நடந்தது. ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தாள் ஏன் தகட்டின் மேல் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. 'மொழிபெயர்ப்பில் நேர்ந்த கவனக்குறைவு' என்று எழுதி மூடினார்கள். மேனேஜர் என்னை உட்காரவைத்து, வேலைப்பளு, வயது, யாருக்கும் நேரக்கூடியதுதான் என்றார். பெர்னார்ட் வீடு தேடி வந்தார். பிரிஜெட் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதீங்க சார்," என்றாள். என்னிடம் கடுமையாகப் பேசியவர் ஒருவர்கூட இல்லை. இரவல் நாற்காலியில் என்னை உட்காரவைத்தாரே, அந்த அம்புஜம், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்து, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் விளையாட்டு இல்லை. பிறகு பெர்னார்ட், உத்தமனால் இப்போதைக்கு வெளியே வர முடியாது, நாமே ஈஜிபுராவுக்குப் போவோம் என்றார். போன சனிக்கிழமை போனோம். ஒற்றை அறையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். நான் ஒரு கதை மொழிபெயர்த்துக் கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுப்பதற்குள் உத்தமன், "இன்னிக்கு நான் சொல்றேன். கேசவ் அண்ணாவுக்காக ஒண்ணு ரெடி பண்ணி வெச்சிருக்கேன்," என்றான்.

காட்டோரத்தில் ஒரு ஊர். அங்கே எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். ஊருக்கே அவர்தான் எழுதிக் கொடுப்பார். ராவும் பகலும் எழுதி எழுதி ஓய்ந்துபோனவர். ஒரு நாள் ஆற்றைக் கடக்கிறவர்களுக்காகப் பலகையில் எழுதும்போது கை தவறி ஓர் எழுத்து மாறிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு ஆற்றில் இறங்கிய ஒரு மரவெட்டி, பாறையிடுக்கில் சிக்கிக் கையை இழக்கிறான். எழுதியவர் வெட்கம் தாங்காமல் காட்டுக்குள் ஓடிப் போய்விடுகிறார். "இப்போ நம்ம வேலை இன்னா தெரியுமா?" என்றான் உத்தமன். "அவர கண்டுபுடிச்சு இட்டாரணும். அந்த மரவெட்டிதான் முன்னாடி போறான்." இடது கையால் டைஸை எடுத்துக் குலுக்கினான். அது உருண்டு பாயைத் தாண்டிப் போயிற்று. அவன் அம்மா எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயந்திரம் முழுக்க அவர்கள் என்னைத் தேடினார்கள், சார். பிரிஜெட் விளக்கு ஏந்திக்கொண்டு வந்தாள். பெர்னார்ட் மழை பெய்யவைத்தார். கடைசியில் மரவெட்டி ஒரு குகை வாசலில் எழுதுகிறவரைக் கண்டுபிடித்து, "அய்யா, கை தவறாத மனுஷன் யாரு, வூட்டுக்கு வாங்க," என்றான். சொல்லும்போது உத்தமன் நேராக என் முகத்தைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. என் முறை.

நான் பையை எடுத்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன். துக்கம் தாங்காமல் போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

யாரும் சந்தேகப்படாதபோது எதற்காக வந்தீர்கள் என்று முதலிலேயே கேட்டீர்கள். நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் கை ஒரு முறையும் தவறியதில்லை. அந்தத் தாளிலும் தவறவில்லை. இறங்கும் என்றுதான் எழுத நினைத்தேன், இறங்கும் என்றுதான் எழுதினேன். கவனக்குறைவு என்று அவர்கள் போட்டிருப்பதை நீங்கள் அடித்துவிட வேண்டும். உத்தமனிடமும் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல பிள்ளைதான். ஆனால் மூலத்தில் இல்லாததைச் சொல்வது எப்போதும் அவன் பழக்கம். நான் அப்படிச் செய்கிறவன் அல்ல.